ஒலி வந்த பாதை – 21: தாளம் யார் கையில்?

1981 பிப்ரவரி 8-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு பெங்களூரில் ரெக்கார்டிங் தியேட்டருக்குள் போன எஸ்.பி. பாலசுப்ரமணியம், இரவு ஒன்பது மணிக்குள் இசையமைப்பாளர் உபேந்திர குமாருக்காக 21 கன்னடப் பாடல்களைப் பாடிக் கொடுத்தார் என்பது தென்னிந்தியத் திரையிசையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. வகுத்துப் பார்த்தால் பாட்டு ஒன்றுக்கு 34 நிமிடம் வருகிறது. மெட்டைக் கேட்டு, வரிகளை எழுதிக்கொண்டு, மைக் முன்னால் நின்று பாடி முடிக்கிற வரை எல்லாம் அதற்குள்தான். நடுவே சாப்பாடு, தேநீர் வேறு. இன்றைக்கு அந்த 34 நிமிடம், ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் வயலின் ஒலிகளை இன்னொரு கம்ப்யூட்டருக்குத் திக்காமல் திணறாமல் ஓடவைப்பதற்கே சரியாகப் போய்விடும். அதோடு மல்லுக்கட்டியவர்களைக் கேட்டால் தெரியும்.

இந்தத் தொடரைப் பள்ளிப்பட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன் என்ற முறையில் இங்கே கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்கிறேன். பாலு பிறந்தது 1946 ஜூன் 4-ஆம் தேதி, எங்கள் வட்டத்தைச் சேர்ந்த கோணேட்டம்பேட்டையில். அப்பா சாம்பமூர்த்தி ஹரிகதை சொல்பவர். உலகம் பாலுவை நெல்லூர்க்காரர் என்று சொல்லும். நாங்கள் சண்டைக்குப் போவதில்லை, விட்டுக்கொடுப்பதும் இல்லை. 1966-இல் தெலுங்கில் முதல் பாட்டு, 2020-இல் மறைவு. இந்த இதழில் நான் சொல்லப்போகும் மாற்றங்கள் முக்கால்வாசியும் அந்த ஒரே குரல் கண்ட காலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் அவரைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம்.

அவர் பாட வந்த நாளில் கோடம்பாக்கத்தில் பாட்டுப்பதிவு என்றால் ஒரே கூடம், ஒரே நேரம். வயலின்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தபேலா, டோலக், டிரம்ஸ் எல்லாம் ஒலி வழியாதபடி தட்டி வைத்துத் தள்ளி. பாடுகிறவர்கள் தனியே ஒரு கூண்டில். கண்டக்டர் கையைத் தூக்கினால் மொத்தக் கூடமும் மூச்சைப் பிடிக்கும். இரண்டாவது சரணத்தில் யாரோ ஒருவர் வில்லைத் தவறாக இழுத்துவிட்டால் பல்லவியிலிருந்து மறுபடியும் எல்லாரும். எரிச்சலூட்டும் முறைதான், ஆனால் அதில் ஒரு கேள்விக்கு இடமே இருக்கவில்லை: தாளம் யார் கையில்? கண்டக்டர் கையில். அந்தக் கையைப் பார்க்காமல் வாசிக்கிறவரை அடுத்த கால்ஷீட்டுக்கு யாரும் கூப்பிடப்போவதில்லை.

சென்ற இதழில் காந்த நாடா பல தடங்களாகப் பிரிந்ததைப் பார்த்தோம். பாடகர் ஒரு நாள், வயலின்கள் இன்னொரு நாள் என்று வசதி வந்தது. அப்போதும் நாடா ஒன்றுதான், அது சுற்றும் வேகமும் ஒன்றுதான். கூடம் உடைந்தாலும் தாளம் உடையவில்லை. அது உடைந்தது இசைக்குள் இரண்டாவது இயந்திரம் நுழைந்தபோது.

முதலில் நுழைந்தது ஒலி அல்ல, கட்டளை. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் புரொஃபெட்-600 கீபோர்டையும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜுபிட்டர்-6 கீபோர்டையும் ஒரு ஒயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் கட்டையை அழுத்தினால் மற்றதும் ஒலித்தது. மிடி என்று பெயர். போட்டிக் கம்பெனிகளின் இரண்டு கருவிகள் ஒரே மொழி பேசியது அதுவரை நடக்காத காரியம். டேவ் ஸ்மித், இக்குதாரோ காகேஹாஷி இருவருக்கும் இதற்காக 2013-இல் கிராமி அமைப்பு தொழில்நுட்ப விருது கொடுத்தது. முப்பது வருடம் கழித்துத்தான்.

மிடி ஒயருக்குள் என்ன ஓடுகிறது என்று ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டால் பின்னால் வரும் எல்லாம் விளங்கும். நடு ‘சி’ கட்டையை அழுத்துகிறீர்கள். ஒயரில் மூன்றே எண்கள் போகின்றன: 144, 60, 100. ‘முதல் சேனலில் ஒரு சுரம் தொடங்கு’ என்பது 144. எந்தக் கட்டை என்பது 60. எவ்வளவு அழுத்தி என்பது 100. விரலை எடுத்தால் இன்னொரு மூன்று எண்கள். அவ்வளவுதான், ஒலி என்று எதுவும் அதில் இல்லை. ஒயரின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஆகவே ஒரு சுரம் போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. பத்து விரலால் ஒரு கொத்தாக அழுத்தினால் பத்தாவது சுரம் முதல் சுரத்துக்கு ஒன்பது மில்லிநொடி பிந்தும். காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ‘பிந்துதல்’ என்ற சங்கதி இந்தக் கதைக்குள் காலடி வைத்தது இங்கேதான்.

தமிழில் இது 1986-க்குள் வந்துவிட்டது. இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’ இசையைத்தான் இந்தக் கட்டளைகளை வரிசையாக அடுக்கி ஓட்டும் கம்ப்யூட்டர் சீக்வென்சர் கொண்டு அமைத்த முதல் இந்தியத் திரையிசை என்று சொல்வது வழக்கம். அங்கே கீபோர்டில் உட்கார்ந்திருந்த பையனுக்குப் பெயர் திலீப். அப்பா ஆர்.கே. சேகர் 1976-இல் இறந்த பிறகு, அவர் விட்டுப்போன கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்த வீட்டிலிருந்து வந்தவர். 1989-இல் அவர் கோடம்பாக்கத்து வீட்டின் பின்புறம் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டுடியோவைக் கட்டிக்கொண்டார். 1992-இல் அங்கிருந்து ‘ரோஜா’ வந்தது, ஏ.ஆர். ரஹ்மான் என்ற பெயரில்.

அந்தப் படத்தில் பாலுவும் பாடினார். கூடம் நிறைய ஆட்களோடு பாடிப் பழகிய தலைமுறைக்கு இது புதுக் குடித்தனம். கம்ப்யூட்டர் கொடுக்கும் தாளத்தை ஹெட்ஃபோனில் கேட்டபடி பாட வேண்டும். பின்னால் வரப்போகும் இசையில் பாதி அப்போது இருக்காது; பாடியதில் எந்தத் துண்டு எங்கே உட்காரும் என்பதும் பாடகருக்குத் தெரியாது. ரஹ்மான் இரவெல்லாம் அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்குவார். 1996-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பாலுவுக்கு ‘மின்சார கனவு’ பாடலுக்காகக் கிடைத்தது; அதுவும் இதே முறையில் வேலை செய்யும் ரஹ்மானின் இசைதான். எந்த முறையாக இருந்தாலும் அந்தத் தொண்டை அதற்கேற்ப உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதினால் அது பொய்க்கணக்கு. கூடம் நிறைந்திருந்த வயலின்காரர்களுக்கும் தாளக்கருவிக்காரர்களுக்கும் வேலை குறையத் தொடங்கியதும் இதே ஆண்டுகளில்தான். பத்துப் பேர் வாசித்ததை மூன்று எண்கள் வாசித்தன. இசை கெட்டுப்போனது என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தெருக்களில் வயலின் பெட்டியோடு காலையில் புறப்படும் ஆட்கள் குறைந்தார்கள் என்பது மட்டும் நிஜம்.

சரி, கட்டளை போனது. ஒலியையே ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப வேண்டுமென்றால்? இங்கேதான் விஷயம் கனமாகிறது.

டிஜிட்டல் ஒலி என்பது எண்களின் வரிசை. குறுந்தட்டில் நொடிக்கு 44,100 எண்கள், சினிமா வேலையில் 48,000. இந்த எண்களை எடுத்து வைக்கும் வேகத்தைத் தீர்மானிப்பது ஒவ்வொரு கருவிக்குள்ளும் இருக்கும் குவார்ட்ஸ் படிகக் கடிகாரம். எந்த இரண்டு படிகமும் அச்சாக ஒன்றுபோல் அதிராது. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் என்று வையுங்கள். மலிவான கருவிகளில் இது சகஜம். நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் இரண்டு கருவிகளும் 12 மில்லிநொடி விலகியிருக்கும். அது மட்டுமென்றால் பொறுத்துப் போகலாம். ஒன்று கொடுக்கும் வேகமும் மற்றது வாங்கும் வேகமும் வேறு என்பதால், நொடிக்கு இரண்டு எண்கள் மிஞ்சும் அல்லது குறையும். மிஞ்சினதை எங்கே கொட்டுவது, குறைந்ததை எங்கே வாங்குவது? கொட்டும்போதும் வாங்கும்போதும் ஒரு ‘டிக்’ கேட்கும். மெல்லிய வீணைப் பாட்டின் நடுவே அந்த ‘டிக்’ விழுந்தால் ஒலிப்பதிவாளருக்குத் தூக்கம் போய்விடும்.

திருத்தணி மலையில் நாதஸ்வரக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். முன்னால் நாதஸ்வரமும் தவிலும் கொடிகட்டிப் பறக்கும். பின்னால் இரண்டு பேர் இருப்பார்கள், யாரும் அவர்களைப் பார்ப்பதில்லை. ஒருவர் ஒத்து ஊதி சுருதியைப் பிடித்து நிற்பவர். இன்னொருவர் குழித்தாளத்தைத் தட்டிக்கொண்டிருப்பவர். படிகக் கடிகாரம் இந்த இருவர் வேலையையும் ஒன்றாகச் செய்கிறது. அது பிசகினால் தாளம் மட்டுமல்ல, சுருதியும் போகும். 44,100 வேகத்தில் பதிந்த பாட்டை 48,000 வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்: நான்கு நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் நாற்பது நொடியில் முடிந்துவிடும், சுருதி ஏறத்தாழ முக்கால் கட்டை ஏறிவிடும். இரண்டு கோஷ்டி ஒரே சன்னிதியில் வாசிக்க நேர்ந்தால் ஒத்தும் தாளமும் ஒருவர் வசம்தான் இருக்க வேண்டும். பொறியாளர்களும் இந்த முடிவுக்கே வந்தார்கள். ஒரு கருவியின் கடிகாரத்தைத் தலைமையாக வைத்து, அதன் துடிப்பைத் தனி ஒயரில் மற்றக் கருவிகளுக்கு அனுப்பி, ‘உன் கடிகாரத்தை மூடு, இதைக் கேள்’ என்று சொல்வது. வேர்ட் கிளாக் என்பார்கள்.

‘ரோஜா’ வந்த 1992-இலேயே அலேசிஸ் நிறுவனத்தின் ஏடாட் கருவி கடைக்கு வந்தது. வீடியோ கேசட்டில் எட்டுத் தடம் டிஜிட்டல் ஒலி பதியும் பெட்டி. பதினாறு பெட்டிகளை வால்பிடித்தாற்போல் இணைத்தால் 128 தடம். முதல் பெட்டியில் ‘பிளே’ அழுத்தியதும் மற்றவை கறகறவென்று நாடாவை முன்னும் பின்னும் தேடி, சில நொடி கழித்துத்தான் தலைவரோடு சேர்ந்துகொள்ளும். அந்தப் பெட்டியை இன்று யாரும் தொடுவதில்லை. ஆனால் எட்டு ஒலிகளை ஒரே இழையில் ஒளியாக அனுப்பும் அதன் ஏற்பாடு இன்னும் சவுண்ட் கார்டுகளின் முதுகில் உயிரோடு இருக்கிறது.

அடுத்த திருப்பம் 1998 வாக்கில். நெமிசிஸ் என்ற கம்பெனி கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. அதுவரை ஒரு பியானோவின் ஒலியை கம்ப்யூட்டரில் வைக்க வேண்டுமென்றால் நினைவகத்துக்குள் அடைக்க வேண்டும். அன்றைய கம்ப்யூட்டர்களில் 64 மெகாபைட் இருந்தாலே பணக்காரர். கிகாசாம்ப்ளர் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இழுத்துவிடும். ஒரு கிகாபைட் பியானோ சாத்தியமாயிற்று. பிறகு வியன்னாவில் செல்லோ கலைஞர் ஹெர்ப் டுக்மாண்டல் தொடங்கிய நிறுவனம் முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் சுரம் சுரமாகப் பதிந்து விற்க ஆரம்பித்தது. ஆசை பெருகியது, கம்ப்யூட்டர் பெருகவில்லை. 32 பிட் கம்ப்யூட்டரின் நினைவக எல்லை நான்கு கிகாபைட். அதற்குமேல் காசு கொடுத்தாலும் ஏறாது. வழி ஒன்றுதான்: வயலின்களுக்கு ஒரு கம்ப்யூட்டர், பித்தளைக் குழல்களுக்கு ஒன்று, தாளக்கருவிகளுக்கு ஒன்று. சாண்டா மோனிக்காவில் ஹான்ஸ் சிம்மரின் ஸ்டுடியோவில் அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர்கள் நின்றது இப்படித்தான்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு சவுண்ட் கார்டு, ஒரு மிடி இணைப்பு, ஒரு ஒளியிழை ஒயர், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கிளாக் ஒயர். ஒரு ஒயர் கழன்றால் எது என்று தேடவே அரை நாள். 2002 வாக்கில் ஸ்டைன்பெர்க் நிறுவனம் ஒரு கெட்டிக்கார வழி கண்டது. ஒலியைக் கொண்டுபோகும் அதே டிஜிட்டல் ஒயரில், ஒவ்வொரு எண்ணிலும் கடைக்கோடி ஒரே ஒரு பிட்டைத் திருடி, ‘இப்போது பாட்டின் இந்த இடத்தில் இருக்கிறேன்’ என்ற செய்தியை அதில் அனுப்பினார்கள். காதுக்குத் தெரியாத திருட்டு. விஎஸ்டி சிஸ்டம் லிங்க் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு, பரவாமலே போயிற்று. ஏனென்றால் அதற்குள் எல்லாக் கம்ப்யூட்டரின் முதுகிலும் வேறொரு துவாரம் இலவசமாக வந்துவிட்டிருந்தது. ஈதர்நெட், அதாவது லேன் கேபிள் செருகும் இடம்.

எஃப்எக்ஸ் டெலிபோர்ட் என்ற சின்ன மென்பொருள் லேன் வழியே ஒலியையும் மிடியையும் அனுப்பிக் காட்டியது. ஆப்பிள் 2004-இல் லாஜிக் புரோ 7-இல் ‘நோடு’ என்ற பெயரில் பக்கத்துக் கம்ப்யூட்டரின் மூளையைக் கடன் வாங்க வழி செய்தது. 2009-இல் அதே வியன்னாக்காரர்கள் கொண்டுவந்த வியன்னா என்செம்பிள் புரோ நிலைத்துவிட்டது. சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் அறைகளில் உட்கார்ந்து பின்னணி இசை போடுகிறவர்கள் இதை ‘வெப்’ என்றே சுருக்கிவிட்டார்கள்.

இதன் சூட்சுமத்தைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டாவது கம்ப்யூட்டருக்கு சவுண்ட் கார்டே தேவையில்லை. சவுண்ட் கார்டு இல்லையென்றால் ஒலிக்கான கடிகாரமும் இல்லை. முதல் கம்ப்யூட்டர் கேட்கிறது: ‘அடுத்த 256 எண்களைக் கொடு.’ இரண்டாவது கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. மறுபடி கேட்கிறது, மறுபடி கொடுக்கிறது. கேட்காதபோது சும்மா இருக்கிறது. இரண்டு கடிகாரங்களை ஒத்துப்போகச் செய்ய இருபது வருடம் போராடிய பிறகு, இரண்டாவது கடிகாரத்தையே எடுத்துவிட்டார்கள்; சண்டை தீர்ந்தது.

எங்கள் ஊரிலேயே இதைப் பார்க்கலாம். முருகன் பாடல்கள் பதிந்து கொடுக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். ஆடிக் கிருத்திகை நெருங்கினால் அவரைப் பிடிப்பது கஷ்டம். மேசைமேல் ஒரு லேப்டாப், அதில்தான் பாட்டு. மேசைக்கடியில் யாரோ கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப், மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை. அதில் வயலின், செல்லோ, கோரஸ். நடுவில் கையகல ஸ்விட்ச், இரண்டு லேன் கேபிள். “ஏம்பா, வீட்ல வைஃபை இருக்கே, காலைத் தடுக்கிற மாதிரி எதுக்கு இந்த ஒயரு?” என்று கேட்டேன். “அண்ணா, வைஃபைல படம் பாக்கலாம். பாட்டு போட முடியாது” என்றார். காரணம் வேகம் அல்ல. பதினாறு ஸ்டீரியோ ஜோடிகளை நொடிக்கு 48,000 எண்கள், எண்ணுக்கு 32 பிட் என்று அனுப்பினாலும் 49 மெகாபிட்தான். நல்ல வைஃபை அதைத் தாங்கும். ஆனால் ஒழுங்காகத் தராது. எண்களைக் கட்டி அனுப்பும் பொட்டலங்களில் ஒன்று இரண்டு மில்லிநொடியில் வரும், அடுத்தது இருபதில் வரும். படம் பார்க்கும்போது முன்கூட்டியே பத்து நொடியைச் சேர்த்து வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். கட்டையை அழுத்தினால் உடனே கேட்க வேண்டியவனுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது.

அவர் ஒரு தடவைக்குக் கேட்டு வாங்கும் எண்கள், பஃபர் என்பார்கள், 256. அதாவது 5.3 மில்லிநொடி. லேன் வழியே போய்வர இன்னும் இரண்டு பஃபர், 10.7. மொத்தம் 16 மில்லிநொடி பிந்தி அவர் விரலுக்கு வயலின் பதில் சொல்கிறது. ஒலி காற்றில் மில்லிநொடிக்கு ஓர் அடி போகும் என்பதால், ஐந்து மீட்டருக்கு அப்பால் நிற்கும் வயலின்காரரைக் கேட்டு வாசிப்பதும் இதுவும் ஒன்றே. பழைய கோடம்பாக்கத்துக் கூடத்தில் கடைசி வரிசைக்காரர்கள் இதைவிடத் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அவருடைய உண்மையான தலைவலி வேறு. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று இந்தப் பக்கம் முழுக்க விசைத்தறி. சுவருக்கு அந்தப் புறம் தறி ஓடும்போது இந்தப் புறம் குரலைப் பதிய முடியாது. கரண்ட் போனால் தறி நிற்கும், தெருவே அமைதியாகும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், மைக்கும் அதிலேயே ஓடும், ஆனால் மேசைக்கடி டெஸ்க்டாப் செத்துவிடும். அதனால் தறி ஓடும் நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்து வயலின்களை முடித்து, அந்த ஒலியை லேப்டாப்பிலேயே தடமாகப் பதிந்து வைத்துக்கொள்வார். கரண்ட் போனதும் பாடகரை உட்காரவைப்பார். மின்வெட்டு அட்டவணையை வைத்து கால்ஷீட் போடும் ரெக்கார்டிங் தியேட்டர் வேறெங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஒரே அறை என்றால் ஒரே கடிகாரம் போதும். பெரிய அரங்கு, விளையாட்டு மைதானம், விமான நிலையம் என்று விரியும்போது, ஒவ்வொரு கருவியும் ஒலியைத் தானே வாங்கித் தானே வெளியிட வேண்டும். கடிகாரத்தை எடுத்துவிட முடியாது. அமெரிக்காவில் பீக் ஆடியோ நிறுவனம் 1996-இல் கோப்ராநெட் கொண்டுவந்து வழி திறந்தது. ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கிய ஆடினேட் நிறுவனத்தின் டான்டே அதை ஓரங்கட்டியது. இன்று நம் ஊர்ப் பெரிய மேடைக் கச்சேரிகளில் யானைத் துதிக்கை பருமனில் உருட்டிக்கொண்டு வந்த மல்டிகோர் கேபிளுக்குப் பதில் விரல் பருமனில் ஒரு லேன் ஒயர் ஓடுகிறதென்றால் இந்த வகை ஏற்பாட்டால்தான். கிகாபிட் ஒயர் ஒன்றில் போக 512, வர 512 ஒலிகள் என்பது டான்டேயின் கணக்கு.

டான்டேயில் கருவிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்துகின்றன. விளையாட்டாகச் சொல்லவில்லை. பிடிபி என்ற கடிகார நெறிமுறையின்படி, இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவியும் தன் கடிகாரத்தின் தரத்தை அறிவிக்கும். சிறந்தது தலைமை ஏற்கும். சமமாக இருந்தால் அடையாள எண்ணை வைத்து முடிவாகும். தலைமைக் கருவியின் கரண்டைப் பிடுங்கிவிட்டால் உடனே இன்னொன்று தேர்வாகிவிடும், பாட்டு நிற்காது. எங்கள் பக்கத்துத் தேர்தல்களைவிடச் சுமுகமாக நடக்கிறது. மற்றக் கருவிகள் தங்கள் கடிகாரத்தைத் தூக்கியெறிவதில்லை. தலைமையைப் பார்த்து நொடிக்கு நொடி திருத்திக்கொள்கின்றன. இந்த பிடிபி இசைக்காகப் பிறந்ததே அல்ல. தொழிற்சாலை அளவுக் கருவிகளை ஒத்திசைப்பதற்காக 2002-இல் வகுத்த தரநிலை அது. 2013-இல் வந்த ஏஇஎஸ்67 என்ற தரநிலையும் இதையே அடிப்படையாகக் கொண்டு வெவ்வேறு கம்பெனிக் கருவிகளைப் பேசவைத்தது. மிடிக்கு 1983-இல் வந்த நல்லபுத்தி, நெட்வொர்க் ஒலிக்கு முப்பது ஆண்டு கழித்து வந்தது.

மிச்சமிருப்பது தூரம். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து ஸ்டுடியோக்கள் பூட்டியபோது, இனி எல்லாரும் இணையத்தில் சேர்ந்து வாசிக்கப்போகிறார்கள் என்று பலர் நினைத்தார்கள். நடந்தது அதுவல்ல. அவரவர் வீட்டில் தாளத் தடத்தைக் கேட்டுத் தனியே பதிந்து கோப்பாக அனுப்பினார்கள். ஒருவர் உட்கார்ந்து ஒட்டினார். திரையில் ஐம்பது முகம் ஒன்றாகப் பாடுவதுபோல் தெரிந்த வீடியோக்களில் எந்த இரண்டு பேரும் ஒரே நொடியில் பாடவில்லை. நோய்த்தொற்றுக் காலத்தில் உழைத்தவர்களுக்காக இளையராஜா இசையமைத்து பாலு பாடிய பாட்டு வெளியானது அந்த மே 30-ஆம் தேதி. ஆகஸ்டில் பாலுவே மருத்துவமனையில் சேர்ந்தார்; செப்டம்பர் 25-இல் காலமானார்.

நேரடியாகச் சேர்ந்து வாசிக்க முடியாததற்குக் காரணம் கம்பெனிகள் அல்ல, ஒளி. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து லண்டன் நேர்க்கோட்டில் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கத்துக்கே நாற்பது மில்லிநொடி, போய்வர எண்பது. கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் ரவுட்டர்கள் வேறு. முப்பது மில்லிநொடியைத் தாண்டினாலே இரண்டு வாத்தியக்காரர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்து, காத்து, பாட்டைப் படுக்கவைத்துவிடுவார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் உருவாக்கிய ஜாக்டிரிப், ஜெர்மனியில் 2006-இல் தொடங்கிய ஜாமுலஸ் எல்லாம் இந்தப் பிந்தலை முடிந்த மட்டும் சுருக்கப் பார்ப்பவை. ஊர் அருகில் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும்.

ஜஸ்டின் ஃபிராங்கல் 2005-இல் வெளியிட்ட நிஞ்சாம் இதற்கு நேர்மாறு. பிந்தலைக் குறைக்கவில்லை, கூட்டிவிட்டது. நீங்கள் இப்போது வாசிக்கும் சுற்று, மற்றவர்களுக்கு அடுத்த சுற்றில் கேட்கும். அவர்கள் வாசிப்பதும் உங்களுக்கு ஒரு சுற்று கழித்து. எல்லாரும் சரியாக ஓர் ஆவர்த்தனம் பின்தங்கியிருப்பதால் சமத்தில் எல்லாமே வந்து விழுகிறது. ஒவ்வொருவர் காதிலும் ஒலிக்கும் கச்சேரி வேறு வேறு. யார் கேட்டதும் தப்பில்லை. ராகம் நிலையாக ஒரே சுழற்சியில் நிற்கும் இசைக்கு இது அருமையாகப் பொருந்தும். பல்லவி முடிந்து சட்டென்று சரணத்துக்குத் தாவும் நம் சினிமாப் பாட்டுக்குப் பொருந்தாது. ஒருவர் சரணத்தில் இருக்கும்போது அவர் காதில் இன்னொருவரின் பல்லவி கேட்கும்.

எங்கள் ஊர்த் தம்பி இணையத்தில் நேரடியாகச் சேர்ந்து வாசிப்பதையும் முயன்று பார்த்தார். அவருக்கு டோலக் வாசிப்பவர் நகரியில் இருக்கிறார். கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் பக்கத்து ஊர். ஆனால் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தபோது நகரி ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. தொலைத்தொடர்பு வட்டங்களும் அந்தக் கோட்டை ஒட்டியே அமைந்துவிட்டன. இந்தத் தெருவிலிருந்து புறப்படும் பொட்டலம் நகரிக்குப் போக சென்னையைச் சுற்றி, அதற்கப்பாலும் சுற்றிப் போகலாம். டோலக்கின் முதல் அடி வந்து சேர்வதற்குள் பாட்டு அடுத்த அடிக்குப் போயிருந்தது. இரண்டு நாள் முயன்றுவிட்டு விட்டுவிட்டார். நகரியிலிருந்து பள்ளிப்பட்டுக்கு பஸ் இருக்கிறது. டோலக்காரர் இப்போது அதில்தான் வருகிறார்.

(அடுத்த இதழில்: கூம்பு ஒலிபெருக்கி கோயில் திருவிழாவுக்குள் நுழைந்த கதை)